கிள்ளானிலிருந்து பாகான் செராய்க்கு: தோட்ட வாழ்க்கையும் விருந்தோம்பலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் அடுக்குமாடி வீட்டில் இருந்த எங்கள் குடும்பம் இப்போது பேராக் மாநிலம் கிரியான் மாவட்டத்தில், பாகான் செராய் ஊருக்குச் சற்று வெளியே, செம்பனையும் (எண்ணெய்ப்பனை) வாழையும் கோழியுமாக ஒரு சிறு நிலத்தில் வாழ்கிறது. கணவர், நான், பிள்ளைகள், மாமியார். நாங்கள் கத்தோலிக்கர்கள். எங்களைப் போலவே ஊர்ப்பக்கம் குடியேற நினைக்கும் உறவினரும் எங்கள் பழைய ஆலயப் பங்கு மக்களும் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இத்தனை ஊர் இருக்க ஏன் பாகான் செராய்?

மாமியார் இந்த மாவட்டத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். அது ஒரு காரணம். இன்னொன்று, தமிழ்க் கிறிஸ்தவர் விவசாயம் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. 1880களில் ரெனே ஃபே என்ற பிரெஞ்சு மறைப்பணியாளர் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விவசாயிகளாகக் குடியமர்த்தினார். பின்னர் 1896இல் அவர் மலாக்கா ஆயரானார். அந்தக் குடியிருப்பின் தொடர்ச்சிதான் இன்றைய புனித சூசையப்பர் ஆலயம். அதே காலத்தில் சுற்றுவட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மறுபக்கம் புக்கிட் மேரா ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் கிரியான் பாசனத் திட்டம் 1906இல் முடிந்தபின் வயல் பெருகியது. இன்று ரயில் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஒருபக்கம் நெல், மறுபக்கம் செம்பனை. போர்னியோத் தீவிலிருந்து வந்த பஞ்சார் வம்சாவளி மலாய்க்காரர்கள், சீனர்கள், தமிழர்கள் என்று எல்லாரும் ஒரே இரவுச் சந்தையில்தான் காய் வாங்குகிறோம்.

நிலம் வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கிரானை, அதாவது நிலப் பட்டாவைப் பாருங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அது மாறாது. விலை குறைவு என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மாவட்ட நில அலுவலகத்தில் தேடிப் பார்த்தால் உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா, நிலத்தின் வகை விவசாயமா கட்டடமா என்று தெரிந்துவிடும். விவசாய நிலத்தில் எந்த அளவுக்கு வீடு கட்டலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு, நல்ல மழை பெய்த மறுநாள் நிலத்தைப் போய்ப் பாருங்கள். தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெறும் ஊரான தைப்பிங் இங்கிருந்து கூப்பிடு தூரம். வெயில் நாளில் காய்ந்து கிடக்கும் தாழ்ந்த மண், மழையில் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செம்பனையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாமா?

இரண்டு மூன்று ஏக்கரில் முடியாது. கணவர் பகுதிநேரமாகக் கணக்கு வேலை பார்க்கிறார். அதுதான் மாதத்தைத் தாங்குகிறது.

செம்பனை கன்று வைத்து ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில் காய்ப்புக்கு வரும். இருபத்தைந்து ஆண்டுவரை பலன் தரும். பத்துப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை குலை வெட்ட வேண்டும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் இறங்கிவிடும். இளமரத்துக்கு உளி போதும். உயர்ந்த மரத்துக்கு நீண்ட கம்பில் கட்டிய அரிவாள் வேண்டும். பழகாத கை அதைத் தொடவே கூடாது. உதிரிப் பழத்தைப் பொறுக்கும் வேலையைப் பிள்ளைகள் மாலையில் செய்கிறார்கள், அதுவும் குலை வெட்டி முடிந்து அரிவாளை உள்ளே வைத்த பிறகுதான். சிறு தோட்டக்காரரும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். 2020 முதல் நிலைத்தன்மைச் சான்றிதழும் கட்டாயம். இரண்டும் இல்லாவிட்டால் குலை விற்பது சிக்கலாகிவிடும்.

எங்கள் வீட்டுச் சமையலறையை நடத்துவது செம்பனையைவிட மற்றவைதான்: வாழை, மரவள்ளி, முருங்கை, நாட்டுக்கோழி முட்டை, வேலியோரத்து வல்லாரை. சந்தைக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவதில்தான் விருந்து நடக்கிறது.

பாம்பு, காட்டுப்பன்றி எல்லாம் வருமாமே?

வரும். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். நல்லபாம்பு வகையில் விஷத்தைப் பீய்ச்சி அடிப்பதும் இங்கே உண்டு. முட்டிவரை ரப்பர் காலணி, இரவில் கைவிளக்கு, வீட்டைச் சுற்றி வெட்டிய புல் – இவற்றில் சமரசம் கூடாது. கடித்துவிட்டால் கட்டு, கீறல், வாயால் உறிஞ்சுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலியைக் குறைக்கச் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குக் கூண்டு வைப்பது இந்த நாட்டில் பழகிய முறை. கூகை வீட்டருகே குரல் கொடுத்தால் ஆகாது என்று மாமியார் முதலில் கலங்கினார். எலித்தொல்லை குறைந்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

பிள்ளைகள் ஏங்கிப் போகவில்லையா?

மூத்தவளுக்கு முதல் ஆண்டு கடினமாகத்தான் இருந்தது. தோழிகள் இல்லை, பேரங்காடி இல்லை. சின்னவன் கோழிகளுக்குப் பெயர் வைத்துவிட்டு, குழம்பில் எந்தக் கோழி என்று கேட்டு அழுதான். அதற்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. இப்போது முட்டைக் கணக்கு முழுவதும் மூத்தவள் கையில். விற்ற காசில் ஒரு பங்கு அவளுக்கு.

கிறிஸ்தவக் குடும்பமாக, விருந்தோம்பலை எங்கிருந்து தொடங்குவது?

எல்லாரும் இதைத்தான் கேட்கிறீர்கள். கேட்கும்போதே, "வாரம் ஒரு குடும்பத்தைச் சாப்பிட அழைக்கலாமா, ஜெபக் கூட்டம் வைக்கலாமா" என்று ஒரு திட்டத்தோடு கேட்கிறீர்கள். நான் சொல்வது வேறு. முதல் சில மாதங்கள் யாரையும் அழைக்காதீர்கள். நீங்கள் விருந்தாளியாக இருங்கள்.

புதிதாக வந்தவர் வீட்டுக்கு இந்த ஊரில் தட்டு வரும். எதிர்வீட்டு அக்கா பலாக்கொட்டைக் கறி அனுப்புவார். பஞ்சார் வீட்டு மாக் சிக் (மலாயில் அத்தை, சித்தி போன்ற அழைப்பு) நோன்பு மாதத்தில் பலகாரம் கொடுத்தனுப்புவார். மூலையில் இருக்கும் சீனர் தன் மரத்து ரம்புத்தானை ஒரு கொத்து வேலியில் மாட்டிவிட்டுப் போவார். வாங்கிக்கொள்ளுங்கள். "எதற்கு இதெல்லாம்" என்று தயங்கி நிற்காதீர்கள், அன்றைக்கே பதிலுக்குப் பெரிதாக ஒன்று செய்து கடனைத் தீர்க்கவும் பார்க்காதீர்கள். சில நாள் கழித்துப் பாத்திரத்தைத் திருப்பும்போது வெறுமையாகக் கொடுக்காமல் நாலு முட்டையோ ஒரு சீப்பு வாழையோ வைத்துக் கொடுங்கள். இவ்வளவுதான் தொடக்கம்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் வருமுன்பே இங்கே விருந்தோம்பல் இருந்தது. மாமியார் சொல்லும் லயத்துக் கதைகளில் உப்பும் நெருப்பும் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வரிசை முழுவதும் அன்று அடுப்பு எரியாது. அடுத்த வரிசையிலிருந்து சோறு வரும். அந்தத் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் போன மக்கள் இவர்கள். அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளரிடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கியது இந்தத் துன்பத்தைக் கண்டுதான். இப்படிப்பட்டவர்களிடம் போய், பகிர்ந்துண்பது எப்படி என்று நாம் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? அவர்கள் கொடுப்பதை நன்றியோடு சாப்பிடத் தெரிந்த பிறகுதான் நம் வீட்டு இலையில் அவர்கள் கூச்சமின்றி உட்காருவார்கள்.

சொல்லாமல் வருவார்களா? அப்போது என்ன சமைப்பது?

சொல்லிவிட்டு வருகிறவர்கள் குறைவு. உலையில் எப்போதும் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதல். சார்டின் டின் நாலைந்து அலமாரியில் இருக்கட்டும். வெங்காயமும் மிளகாயும் அரைத்துச் சம்பல் செய்ய கால் மணிநேரம் போதும். நெத்திலி, முட்டை, கீரை எப்போதும் கைக்கு எட்டும். சாப்பாட்டு நேரம் இல்லை என்றால் அவித்த மரவள்ளியும் தேங்காய்த் துருவலும் கட்டித் தேநீரும். பட்டணத்தில் விருந்து என்றால் பிரியாணி என்று பழகிவிட்டோம். இங்கே பிரியாணிக்கு யாரும் ஏங்குவதில்லை. உட்கார வைத்து, அவசரப்படாமல் பேசுவதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

மது வைப்பதில்லை. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவு சாராயமும் தோட்டத்துக் குடும்பங்களை என்ன செய்தன என்பதை மாமியார் தன் சொந்த அண்ணன் வாழ்க்கையில் பார்த்தவர். "கொஞ்சமாவது வைக்கக் கூடாதா" என்று கேட்கும் உறவினரும் எங்கள் வீட்டில் மோர்தான் குடிக்கிறார்கள்.

முஸ்லிம் அண்டை வீட்டாரை எப்படி உபசரிப்பது?

அவர்கள் சங்கடப்படாதபடி நாம் முந்திக்கொண்டு யோசிக்க வேண்டும். நாம் அறுத்த கோழி அவர்களுக்கு ஆகாது. அதனால் கோழிக்கறி செய்ய நினைத்தால் பக்கத்து மலாய்ப் பெரியவரான பாக் சிக்கையே முன்கூட்டி வந்து அறுத்துத் தரச் சொல்கிறோம். அவரும் மகிழ்ச்சியோடு வருகிறார். அவர்களுக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு வாங்கி வேறு அலமாரியில் வைத்திருக்கிறோம். பன்றி இறைச்சி எங்கள் சமையலறைக்குள் வருவதே இல்லை. இது சட்டத்துக்காக இல்லை. இந்த வீட்டில் துணிந்து சாப்பிடலாம் என்று அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக. நாயை அவர்கள் வருமுன் பின்பக்கம் கட்டிவிடுகிறோம். அப்படியும் சிலர் சமைத்ததைச் சாப்பிடத் தயங்கினால் வருத்தப்படாதீர்கள். பழம், இளநீர், முட்டை, தேங்காய் எல்லாம் எந்தத் தயக்கமும் இன்றி வாங்கிக்கொள்வார்கள்.

அவர்கள் வீட்டு விருந்துக்கும் சாவுக்கும் தவறாமல் போங்கள். அது நம் வீட்டில் அவர்கள் சாப்பிடுவதைவிட முக்கியம்.

இந்து நண்பர்கள், "சோறு போட்டு மதம் மாற்றுகிறார்கள்" என்று நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள். நினைக்கக் காரணமும் இருக்கிறது. வறுமையிலோ நோயிலோ இருக்கும் வீட்டுக்கு அரிசி மூட்டையோடு போய், சாமி படத்தை எடுக்கச் சொன்ன கதைகள் தோட்டப்புறங்களில் நிறைய உண்டு. உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே பேச்சு அறுந்த குடும்பங்கள் உண்டு. எனக்கு இது மனம் வலிக்கிற விஷயம். பசித்தவன் முன்னால் சோற்றை வைத்துவிட்டு அதற்கு விலை கேட்பதை இயேசுவின் பெயரால் செய்ய முடியாது.

எங்கள் வீட்டு வழக்கம் இது: சாப்பிடுமுன் நாங்கள் எப்போதும்போல் சிலுவை அடையாளம் போட்டு, சுருக்கமாக நன்றி சொல்லி ஜெபிப்போம். மற்றவரை அதில் சேரச் சொல்வதில்லை. வீட்டில் துண்டுப் பிரசுரம் கொடுப்பதில்லை. யாராவது தாமாக நம் நம்பிக்கை பற்றிக் கேட்டால் மனந்திறந்து பேசுவோம், அவர்கள் நம்பிக்கையையும் கேட்டுக்கொள்வோம். முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவே சொல்கிறது. அந்த எல்லையைக் குடியேறுகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் சட்டம் தடுக்காத இடத்திலும் விருந்தைத் தூண்டிலாக்கக் கூடாது என்பதே என் உறுதியான எண்ணம்.

மாரியம்மன் கோயில் அன்னதானத்தில் சாப்பிடலாமா?

நாங்கள் சாப்பிடுகிறோம். எங்கள் பங்கிலேயே சாப்பிடாத குடும்பங்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். விவிலியத்தில் கொரிந்தியருக்கு எழுதும்போது திருத்தூதர் பவுல் இரண்டு பக்கமும் பேசுகிறார்: அழைத்தவர் பரிமாறுவதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு என்கிறார், அது பிறருடைய மனச்சான்றைப் புண்படுத்தினால் விட்டுவிடு என்றும் சொல்கிறார். கோயில் சமையல்கட்டில் ஊர் முழுவதற்கும் ஆக்கிய சாம்பார் சோற்றை ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் எங்களுக்கு மனத்தடை இல்லை. வழிபாட்டில் கலந்துகொள்வதில்லை, திருநீறு தந்தால் கைகூப்பி, "நாங்கள் கிறிஸ்தவர்கள், மன்னிக்கவும்" என்று பணிவாகச் சொல்கிறோம். இதுவரை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வரும்போது புரட்டாசி மாதமாக இருந்தால் எங்கள் அடுப்பிலும் சைவம்தான். தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கும் இறைச்சி கிடையாது என்பதை அவர்கள் நினைவு வைத்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் அழைக்கிறீர்களா?

ஆம். இன்று இந்தச் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். நம் தாத்தா பாட்டி கப்பலில் வந்து பட்ட பாட்டைப் போன்றதைத்தான் அவர்கள் இன்று படுகிறார்கள்: தெரியாத மொழி, பிறர் கையில் இருக்கும் கடவுச்சீட்டு, கடனோடு தொடங்கும் வேலை. அதைத் தெரிந்திருந்தும், "வெளிநாட்டுக்காரர்களை வீட்டுக்குள் விடாதே" என்று சொல்லும் தமிழர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. எங்களுக்குக் குலை வெட்டிக் கொடுக்கும் இருவர் வேலை முடிந்ததும் எங்களோடு அதே மேசையில் சாப்பிடுகிறார்கள். கூலியை அன்றே எண்ணிக் கொடுத்துவிடுவோம். சாப்பாட்டைக் கூலியில் கழிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை குலை வெட்டுவீர்களா?

இல்லை. சுற்றுக்கணக்கை அதற்கேற்ப வைத்துக்கொள்கிறோம். கோழிக்குத் தீனி மட்டும் போட்டுவிட்டுத் திருப்பலிக்குப் போய்விடுவோம்.

கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்கு என்ன செய்கிறீர்கள்?

டிசம்பர் தொடங்கியதும் முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம். எதிர்வீட்டு அக்காவுக்கு எண்ணெய்ப் பதம் அத்துப்படி. தீபாவளிக்கு நான் அவர் வீட்டில் பிழிகிறேன், கிறிஸ்துமஸுக்கு அவர் இங்கே. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்ப நேரமாகிவிடும் என்பதால் காலை பத்து மணிக்குமேல்தான் கதவைத் திறந்து வைக்கிறோம். அட்டை அச்சடிப்பதில்லை. தெருவில் யார் யாருக்குச் சொன்னோம், யாருக்குச் சொல்லவில்லை என்ற பேச்சே வரக் கூடாது. எல்லா வீட்டுக்கும் நடந்து போய் வாயால் சொல்வோம். வரும் பிள்ளைகளுக்கு உறையில் ஒரு வெள்ளி (ரிங்கிட்).

இத்தனை விருந்தும் பெண்கள் தலையில்தானே விழும்?

இந்தக் கேள்வியைப் பெண்கள் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். விருந்தாளி வருவது வீட்டுக்கு, வேலை விழுவது ஒருத்தி மேல் என்றால் அந்த விருந்து நிலைக்காது. விவிலியத்தில், மம்ரே என்ற இடத்தில் ஆபிரகாம் என்ன செய்தார் என்று ஆண்கள் கவனித்துப் படிக்க வேண்டும். வயது முதிர்ந்த மனிதர், நண்பகல் வெயிலில் தானே ஓடி வழிப்போக்கரை வரவேற்கிறார். கன்றைத் தானே தேர்ந்தெடுக்கிறார். அவர்கள் சாப்பிடும்போது மரத்தடியில் பக்கத்திலேயே நிற்கிறார். எங்கள் வீட்டில் கோழி உரிப்பதும் பெரிய சட்டி கழுவுவதும் கணவர் வேலை. தண்ணீரும் தட்டும் மகன் கொண்டுவருவான். எனக்கு உடம்பு முடியாத நாளில் கணவர் வாசலிலேயே, "இன்று தேநீர் மட்டும்தான், அண்ணே" என்று சொல்லிவிடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

உங்கள் வீட்டில் வந்து சில நாள் தங்கலாமா?

தங்கலாம். பட்டர்வொர்த்திலிருந்து வரும் கொமுட்டர் ரயில் பாகான் செராயில் நிற்கும். நிலையத்துக்கு வந்து அழைத்துக்கொள்வோம். ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்காகப் புக்கிட் மெர்தாஜாம் போகிறவர்கள் அந்த வாரம் எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பது வழக்கமாகிவிட்டதால், அப்போது வர நினைப்பவர்கள் மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள். கேக், பிஸ்கட் டின் எதுவும் வாங்கி வர வேண்டாம். அழுக்கானால் பரவாயில்லை என்கிற உடுப்பும் காலுக்கு ரப்பர் காலணியும் எடுத்து வாருங்கள். குலை வெட்டும் நாளில் வந்தால் உதிரிப் பழம் பொறுக்க எல்லாருக்கும் வாளி உண்டு.